கியர் எத்தனை என்பதா கேள்வி?

ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிளை 'ரேஸ் சைக்கிள்' என்போம் இல்லையா? சிதம்பரத்து நண்பர் ஒருவருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு அதன் மீது ஆசை வந்தது. பல வருஷமாக நேர் ஹேண்டில்பார் சைக்கிளில் கடலூர் வரை போய் வருகிறவர். சுமார் 45 கிலோமீட்டர். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்... எந்த ஊர் டீக்கடையில் வடை சூடாக இருக்கும் என்பது வரை அத்துப்படி.

புது சைக்கிள் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. போன் வந்தது.

"பிரேக்கைப் புடிச்சா நிக்கவே மாட்டேங்குது சார். வெள்ளாத்துப் பாலம் எறங்குறப்ப உசுரு போயி உசுரு வருது. ரெண்டு தடவை பிரேக் கட்டை மாத்திட்டேன். பழைய சைக்கிளையே எடுத்துடலாம்னு பாக்குறேன்."

கோளாறு பிரேக்கில் இல்லை. அவர் கை வைத்திருந்த இடத்தில்!

நேர் ஹேண்டில்பாரில் கைப்பிடியும் பிரேக்கும் ஒரே இடத்தில். விரலை நீட்டினால் போதும். வளைந்ததில் கை வைக்க மூன்று இடங்கள். மேலே நடுவில் பிடித்தால் சொகுசு. ஆனால் அங்கே பிரேக்கே கிடையாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடும். கையை மாற்ற அரை நொடி ஆனாலே 4 மீட்டர் போச்சு. குறுக்கே வருகிற ஆடு அதுவரை காத்திருக்குமா?

அடுத்தது, பிரேக் லீவரின் மேல் பக்கம். அங்கிருந்து அழுத்தினால் லீவரின் கீல் பக்கத்திலேயே விரல் விழுகிறது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு தம் கட்ட வேண்டியிருக்கும்! அதே லீவரைக் கீழ் வளைவிலிருந்து பிடித்தால் அதன் நுனி விரலுக்குக் கிடைக்கும். இரண்டு விரலே போதும்.

இன்னொரு விஷயம். பழைய சைக்கிளிலேயே ஹேண்டில்பாரை மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. நேர் ஹேண்டில்பார் சைக்கிள்கள் பலவற்றில் வருகிற வி-பிரேக்குக்குக் கேபிளை அதிகம் இழுக்க வேண்டும். ரேஸ் சைக்கிளின் சாதாரண லீவர் அவ்வளவு இழுக்காது. கட்டையும் ரிம்மும் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

நண்பருக்குச் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்கு ஓட்டிப் பழக வேணாம். நிறுத்திப் பழகுங்க."

விடியற்காலையில் ஆளில்லாத இடத்தில் கீழ் வளைவைப் பிடித்து, உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சீராக அழுத்தி நிறுத்தினார். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. நிற்க வைப்பதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால், அறுப்புக் காலத்தில் ரோட்டில் நெல்லோ உளுந்துச் செடியோ காய்ந்தால் முன் பிரேக்கை அங்கே வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இரண்டு வாரம். இப்போது சிதம்பரம் கீழவீதியில் ஆட்டோ குறுக்கே வந்தால்கூடப் பதறுவதில்லை.

பிள்ளைகளுக்கு ரேஸ் சைக்கிள் வாங்கப் போனால் முதலில் கியர் எத்தனை என்று கேட்கிறோம். பிள்ளையை ஏற்றி உட்கார வைத்து, விரல் பிரேக்கை எட்டுகிறதா என்று பாருங்கள். பல லீவர்களில் தூரத்தைக் குறைக்கச் சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். கடைக்காரரிடம் சொல்லித் திருப்பிவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.