இரணைமடுவில் இறுகிய எஞ்சின்

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் இறங்கியதும் கண்ணில் பட்டது செம்மண். ஏ-9 சாலையில் தெற்கே போய் ஆனையிறவைத் தாண்டினால் வன்னியின் வயல்வெளி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஊரொன்றில் நண்பரின் உறவினர் வீடு. புரட்டாசி மாதம், காலபோக நெல் விதைப்புக்கு ஊரே பரபரத்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் மட்டும் சிவப்பு மாஸி பெர்குசன் 35 ஒன்று அசையாமல் நின்றது. 2022-இல் இலங்கையில் டீசல் தட்டுப்பாடு வந்தபோது நிறுத்திய வண்டி. செங்குத்தான சைலன்சர் குழாயை மூடியிருந்த பால்மா டின் காற்றில் பறந்துபோக, மாரி மழை நேரே உள்ளே இறங்கிவிட்டது. பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து லைனரோடு ஒட்டிக்கொண்டன.

நான் சென்னை ராயப்பேட்டைக்காரன். எங்கள் ஜி.பி. ரோட்டில் வண்டிச் சாமான்கள் கடைக்குக் கடை தொங்கும். அங்கே இல்லாதது புதுப்பேட்டையில் கிடைக்கும். இந்த டிராக்டரில் இருப்பது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். பெர்கின்ஸ் எஞ்சின்களைச் சிம்ப்சன் கம்பெனி எங்கள் செம்பியத்திலேயே செய்தது. பாகம் போனால் மாற்று என்பதே எங்கள் ஊர் வைத்தியம்.

வந்த மெக்கானிக் அண்ணை அறுபதைத் தாண்டியவர். அவர் கை தேர்ந்தது 1990-க்குப் பிந்தைய பொருளாதாரத் தடைக்காலத்தில். எரிபொருளும் பேட்டரியும் வடக்கே வராத அந்த வருடங்களில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் செய்ய மட்டும் சில துளி பெட்ரோல்.

“கட்டி இழுத்துப் பாப்பமே அண்ணை?” என்றான் வீட்டுப் பையன்.

“வேண்டாம் தம்பி, ரிங் நொறுங்கிப் போடும்.”

இன்ஜெக்டர்கள் மூன்றையும் கழற்றி, துளைகளில் டீசலோடு பவர் ஸ்டியரிங் ஆயிலைக் கலந்து ஊற்றினார். ராக்கர் கவரைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தார். ஒன்று இறுகியிருந்தாலும் சுழலும்போது புஷ் ராட் வளைந்துவிடும். “இனி ஊறட்டும்” என்று சைக்கிளில் ஏறிவிட்டார். அந்திதோறும் வருவார், இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், போய்விடுவார்.

ஒருநாள் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, உள்ளே தெரிந்த ஃப்ளைவீல் பல்லொன்றில் சாக்பீஸால் கோடு போட்டார். இரும்பு லீவரைப் பல்லில் கொடுத்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். கோடு நூலளவு நகர்ந்தது. நான் கூவிவிட்டேன், அவர் மறுபடி எண்ணெய் ஊற்றினார்.

முழுச் சுற்று வந்தபிறகும் ஸ்டார்ட் செய்யவில்லை. துளைகளைத் திறந்துவைத்தே சுழற்ற, கறுத்த எண்ணெய் பீறிட்டது. அது உள்ளேயே தங்கினால் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலை மாற்றி எல்லாவற்றையும் பூட்டிய பின், என் கையில் ஒரு பலகையைக் கொடுத்து, எஞ்சின் காற்று இழுக்கும் வாயருகே நிறுத்தினார். நெடுநாள் நின்ற டீசல் பம்பு சிக்கிக்கொண்டால் எஞ்சின் அடங்காமல் வேகமெடுக்கும். அப்போது காற்றை அடைத்துத்தான் அதை நிறுத்த முடியும்.

பலகைக்கு வேலை வரவில்லை. நீலப்புகையைக் கக்கியபடி மூன்று சிலிண்டரும் பிடித்துக்கொண்டன. நாங்கள் புகையைப் பார்த்தோம். அவர் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்தார்.

“ரிங் தேஞ்சுபோச்சுது, எண்ணெய் குடிக்கும். காலபோகம் உழட்டும், பிறகு ஹெட்டைக் கழட்டுவம்” என்றார்.

மறுநாள் விடிகாலையில் வீட்டுக்காரர் கலப்பையை மாட்டிவிட்டார்.