ஒரே பாட்டுல ஓட முடியாது

நம்ம கோடம்பாக்கம் உலகத்துக்குச் சொல்லிக் குடுத்த பெரிய தத்துவம் ஒண்ணு இருக்கு. ஒரே பாட்டுல முன்னேறிடலாம்! 'அண்ணாமலை'யில (1992) பால்காரரா இருந்த ரஜினி ஒரே பாட்டுல பெரிய பணக்காரர். 'சூரியவம்சம்' (1997) இன்னும் ஒரு படி மேல. பாட்டு முடியறதுக்குள்ள சரத்குமார் முதலாளி, தேவயானி கலெக்டர்.

அதே கோடம்பாக்கத்துல குடியிருந்துக்கிட்டு பொட்டி தட்டற ஆளு நான். ஓட ஆரம்பிச்சு பதினாலு வாரம் ஆச்சு. ஒரு பாட்டு என்ன, ராஜா சாரோட மொத்த பாட்டையும் வரிசையா போட்டாலும் பத்தாது போல இருக்கு :-)

எதுக்குடா இந்த வேண்டாத வேலைன்னு கேக்கறீங்களா? சர்க்கரை.

அப்பாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. போன வருஷம் ஒருநாள் கடைக்குப் போயிட்டு வந்தவர், வாசல்லயே நின்னு, "கால்ல செருப்பு இருக்கான்னு பாருடா"ன்னார். ஒரு கால்ல இல்லை. தெருமுனையில கழண்டு கிடந்துச்சு. அது கழண்டதே அவருக்குத் தெரியலை. பாதம் அந்த அளவுக்கு மரத்துப் போயிருக்கு. நான் போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன். ரெண்டு பேரும் அதைப் பத்தி அப்புறம் பேசிக்கவே இல்லை.

அதுக்கப்புறம் ஆபீஸ்ல வருஷாந்திர செக்கப். மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி எனக்கு 6.1. இதுல 5.7-லேர்ந்து 6.4 வரைக்கும்னா வாசல்ல நிக்கறோம்னு அர்த்தம். 6.5 ஆச்சுன்னா வீட்டுக்குள்ள போயாச்சு. 2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நம்ம நாட்டுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர், வாசல்ல நிக்கறவங்க சுமார் 13.6 கோடி பேர். நல்ல கூட்டம்தான். ஆனா கூட்டத்தோட கூட்டமா உள்ள போக எனக்கு இஷ்டம் இல்லை.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். நான் எடுத்துக்கிட்டது ஜோஷ் கிளார்க்னு ஒரு அமெரிக்கர் 1996-ல எழுதின ஒன்பது வாரத் திட்டம். சோபாவுல கிடக்கறவனை எழுப்பி 5 கிலோமீட்டர் ஓட வைக்கறதுதான் நோக்கம். 'கவுச் டு 5கே'ன்னு பேரு. வாரத்துக்கு மூணே நாள். முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, இப்படியே மாத்தி மாத்தி 20 நிமிஷம். அவ்ளோதான். கேக்க சிரிப்பா இருக்கும். செஞ்சு பாருங்க, கண்ணைக் கட்டும்.

இதுல கஷ்டமான சமாச்சாரம் மூச்சோ முட்டியோ இல்லைங்க. மெதுவா ஓடறதுதான். பக்கத்துல ஒருத்தர் வந்தா முழுசா ஒரு வாக்கியம் பேச முடியணும், அந்த வேகம்தான் சரியான வேகம். டிரஸ்ட்புரம் கிரவுண்டுல தினமும் நடக்க வர்ற ஒரு பெரியவர் என்னை ஈஸியா தாண்டிப் போவார். "என்ன தம்பி, ஓடறீங்களா நடக்கறீங்களா?"ன்னு ஒருநாள் கேட்டார். "ரெண்டும்தான் சார்"னேன். பேச முடிஞ்சுதே, அதுவே பாஸ் மார்க்!

நம்ம படிப்பும் வேலையும் இதுக்கு நேர் எதிரா நம்மளைப் பழக்கி வெச்சிருக்கு. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி முழிச்சுப் படிச்சா எஞ்சினியர் ஆகிடலாம். ரிலீசுக்கு முன்னாடி மூணு நாள் தூங்காம ஆணி புடுங்கினா புராஜெக்ட் போயிடும். உடம்புகிட்ட அந்தப் பருப்பு வேகாது. ஒரே வாரத்துல மொத்த ஆணியையும் புடுங்கறேன்னு போனா, அது நம்மளைப் புடுங்கிடும்.

மெதுவா ஓடணும்ங்கறது சோம்பேறிகள் கண்டுபிடிச்சது இல்லை. நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட்னு ஒரு கோச் இருந்தார். செருப்பு ஃபேக்டரியில வேலை பார்த்தவர். 800 மீட்டர் ஓடற பீட்டர் ஸ்னெல்லை வாராவாரம் 22 மைல் மலைப்பாதையில ஓட விட்டார். ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியற பந்தயத்துக்கு எதுக்குய்யா இவ்ளோ தூரம்னு தோணுதா? ஸ்னெல் 1960 ரோம்ல 800 மீட்டர் தங்கம், 1964 டோக்கியோவுல 800, 1500 ரெண்டுலயும் தங்கம். கஷ்டப்படுத்தாம பழக்குங்கறதுதான் லிடியார்டோட மந்திரம். சாதாரண ஜனங்க கூட்டமா மெதுவா ஓடற வழக்கத்தை ஊர் உலகத்துக்குப் பரப்பினதுலயும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது? தசை செல்லுல மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கே, பிளஸ் டூ உயிரியல்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, அதுதான் செல்லோட அடுப்பு. தொடர்ந்து ஓடப் பழகினா இந்த அடுப்போட சக்தி கூடுதுன்னு ஜான் ஹாலோசி 1967-ல எலிகளை வெச்சு நிரூபிச்சார். தசையைச் சுத்தி புதுசா சின்னச் சின்ன ரத்தக்குழாய்களும் முளைக்கும். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. வேலை செய்யற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்துல இருந்து சர்க்கரையை இழுத்துக்கும். 6.1-காரனுக்கு இதை விட நல்ல சேதி வேணுமா?

ஒரு சிக்கலும் இருக்கு. மூச்சும் இதயமும் சில வாரத்துலயே பழகிடும். எலும்பு, தசைநாண் எல்லாம் தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி, மாசக்கணக்கு ஆகும். மூச்சு "போலாம் ரைட்"னு விசில் குடுக்கும்போது கணுக்கால் இன்னும் படியிலயே ஏறியிருக்காது. புதுசா ஓடறவங்க நிறைய பேர் ரெண்டாவது மாசம் வலியோட நிக்கறது இதனாலதான். நடுவுல ஓய்வு நாள் வெச்சிருக்கறதும் இதுக்குத்தான்.

அப்புறம் நம்ம சென்னை. விடிகாலை அஞ்சு மணிக்கே காத்துல அவ்ளோ ஈரம். வேர்வை வழியுமே தவிர காயாது. காயலைன்னா உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமா அடிச்சாகணும். அதனால டிசம்பர் வேகத்தை மே மாசத்துல தேடக் கூடாது. கடிகாரத்தை மறந்துட்டு மூச்சைக் கேட்டு ஓடினா போதும். தெருநாய்களுக்கும் ஒரு வழி உண்டு. பார்த்ததும் நடைக்கு மாறிடணும். திட்டத்துல இல்லாட்டியும் அது இடைவெளி கணக்குல சேர்த்தி :-)

திட்டம் ஒன்பது வாரம். எனக்கு ஆனது பதினாலு. நாலாவது வாரத்தை மட்டும் மூணு தடவை ஓடினேன். அஞ்சாவது வாரம் மூணாவது நாள் ஒரு கண்டம். அதுக்கு முந்தின ஓட்டம் வரைக்கும் எட்டு நிமிஷம் ஓடி, நடந்து, மறுபடி எட்டு நிமிஷம். அன்னிக்குத் திடீர்னு நடையே இல்லாம 20 நிமிஷம். ஓடிட்டேன். முடிச்சப்ப யாரும் கை தட்டலை, பின்னணி இசையும் வரலை. பெரியவர் தாண்டிப் போகும்போது, "இன்னிக்கு நிக்கவே இல்லை போல"ன்னார். அது போதும்.

வயசாச்சுன்னு தயங்கறவங்களுக்கு ஒரு சேதி. 2006-லேர்ந்து 2011 வரைக்கும் சென்னை மேயரா இருந்தாரே மா.சுப்பிரமணியன், அவர் ஐம்பது தாண்டினப்புறம் ஓட ஆரம்பிச்சு நூறு அரை மராத்தானுக்கு மேல ஓடியிருக்கார். ஒண்ணு 21.1 கிலோமீட்டர். கட்சி அரசியலை ஓரமா வெச்சுட்டுப் பாருங்க, கணக்கு மலைப்பா இருக்கும்.

இப்ப 30 நிமிஷம் நிக்காம ஓடறேன். அதுல நாலு கிலோமீட்டர் கூட முழுசா வராது. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் குடுக்கப் போறேன். 6.1 இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருக்கலாம். அப்பாவோட ஜீன் எனக்குள்ள இருக்கு, அதை ஓடித் தாண்ட முடியாது. ஆனா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ரெண்டு பாதத்துலயும் தரை தெரியுது. கல்லு தெரியுது, மண்ணு தெரியுது, ஷூவுக்குள்ள மடிஞ்ச சாக்ஸ் கூடத் தெரியுது. இப்போதைக்கு அது பெரிய சொத்து.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டறவன். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலின்னு எது இருந்தாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. மத்தவங்க நாளைக்குக் காலையில அலாரம் அடிச்சதும் ஒரே ஒரு 60 வினாடி ஓடிப் பாருங்க. மெதுவா!