வலப்பக்கம் தெரியும் சிவப்பு விளக்கு



போன சீசனில் என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் தென்காசி வந்திருந்தான். சரக்குக் கப்பலில் அதிகாரி. ஐந்தருவியில் குளித்துவிட்டு அவன் பைக்கில் திரும்பும்போது, ஒரு முக்கில் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்துவிட்டது. நல்லவேளை, மோதவில்லை. "நீதான் நிக்கணும்" என்று இருவரும் முறைத்துக்கொண்டார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்ததும் சொன்னான்: "கடல்ல இதுக்கு விதி இருக்கு சார். ரெண்டு இன்ஜின் கப்பல் குறுக்கே வந்தா, அடுத்தவனைத் தன் வலப்பக்கம் பார்க்கிறவன்தான் விலகணும். ராத்திரியில அவனோட சிவப்பு விளக்கு நமக்குத் தெரியும். மத்தவன் திசையையும் வேகத்தையும் மாத்தாமப் போகணும். விலக வேண்டியவன் விலகலைன்னா, இவனும் சும்மா இருக்கக் கூடாது."

1972-ல் உலக நாடுகள் சேர்ந்து வகுத்து, 1977-லிருந்து நடப்பில் இருக்கும் விதிகள்.

"இவ்வளவு தெளிவா இருந்தா கம்ப்யூட்டருக்கே சொல்லிக்கொடுத்துரலாமேடா?" என்றேன்.

"சொல்லிக்கொடுக்காங்க சார். 2022-ல மேஃப்ளவர்னு ஒரு ஆளில்லாப் படகு அட்லாண்டிக்கையே தாண்டிருச்சு. நடுவுல ரிப்பேராகி அசோர்ஸ் தீவுல ஒதுங்கினது வேற கதை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஆனா அஞ்சாவது விதி, கண்ணாலயும் காதாலயும் கவனிக்கணும்னு சொல்லுது. மரப்படகும் ஃபைபர் படகும் ரேடார்ல சரியா விழாது. சில படகுல ஒரு டார்ச் லைட்தான் ஆடும். அது மனுஷன்னு நமக்குத் தெரியும்" என்றான்.

எனக்கு 2018 ஆகஸ்ட் ஞாபகம் வந்தது. கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன ஒரு மீன்பிடிப் படகில் அதிகாலை இருட்டில் கப்பல் மோதியது. படகில் 14 பேர். குமரி மாவட்ட மீனவர்கள் பலர் அதில் இருந்தார்கள், உயிர்கள் போயின. வலைபோட்டு மீன்பிடிக்கும் படகுக்கு இன்ஜின் கப்பல்தான் வழிவிட வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது. கப்பலில் ஆட்களும் இருந்தார்கள்.

34 வருஷம் மனப்பாடத்துக்கு மார்க் போட்டவன் நான். விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் இயந்திரம் நூற்றுக்கு நூறு வாங்கும். நான் அதைப் பாஸ் போட மாட்டேன். அந்தப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும்போது குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மீனவர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். இருட்டில் ஆடும் அந்த டார்ச் லைட்தான் முதல் கேள்வி.

கடலோர நண்பர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.