மூன்று உருளைக்கிழங்குகளும் என் மூன்று தவறுகளும்



அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாவில் சிறுவர் சிறுமியர்க்கு ஓதிக்கொடுப்பது என் பணி. சென்ற ஆண்டு ஒரு நாள், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் குர்ஆன் பையோடு இன்னொரு பையையும் தூக்கி வந்தான். உள்ளே மூன்று உருளைக்கிழங்குகள், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணிகள், தோலுரித்த செம்புக் கம்பித் துண்டுகள். பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குக் காய்கறியில் மின்கலம் செய்ய வேண்டுமாம். அவனுடைய வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். "ஹஜ்ரத்திடம் கேள், அவர்களுக்குத் தெரியாததா?" என்று உம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்தச் சொல்லில் நான் சற்று மயங்கிவிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் சூழ, வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு கிழங்கிலும் ஓர் ஆணியையும் ஒரு செம்புக் கம்பியையும் ஒன்றையொன்று தொடாதபடி குத்தினோம். ஒரு கிழங்கின் ஆணியை அடுத்த கிழங்கின் செம்போடு இணைத்தோம். இரு முனைகளிலும் டார்ச் பல்பைத் தொடுத்தோம், எரியவில்லை. அந்தப் பல்புக்கு வேண்டிய மின்னோட்டத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கிழங்குகளால் தர இயலாது என்பது பிறகு தெரிந்தது. மின்சாதனம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு சிவப்பு எல்.இ.டி. வாங்கிவரச் செய்தேன். அதுவும் எரியவில்லை. கால்களை மாற்றி, நீளக் காலைச் செம்புப் பக்கம் வைத்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் வெளிச்சத்தை மறைத்துக் குனிந்து பார்த்தோம். மாதுளை முத்துபோல ஒரு சிவப்புப் புள்ளி! பிள்ளைகள் ஒரே குரலில் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

அப்போதுதான் ஒரு சிறுமி கேட்டாள்: "ஹஜ்ரத், கிழங்குக்குள்ளே கரண்ட் இருந்தால், சாப்பிடும்போது நமக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை?"

எனக்குத் தெரியாது. ஆனால் சுற்றிலும் இருபது முகங்கள். "கிழங்கில் மின்சாரம் இருக்கத்தான் செய்கிறது, வேகவைத்தால் போய்விடும்" என்றேன். அத்தோடு நில்லாமல், உணவை வீணாக்கலாகாது என்ற எண்ணத்தில், "கிழங்குகளை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடு, கறிக்கு ஆகும்" என்று அந்த மாணவனிடம் சொல்லியும் விட்டேன். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு 'லா அத்ரீ', எனக்குத் தெரியாது, என்று கூசாமல் விடையளித்ததை இதே வகுப்பில் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருப்பேன்!

மஃரிபுக்குப் பின் வீட்டில் நடந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் என் மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "வாப்பா, அந்தக் கிழங்கைச் சாப்பிடக் கூடாது. துத்தநாகம் அதற்குள்ளே கரைந்திருக்கும்" என்றாள்.

செருப்பை எப்படி மாட்டினேன் என்பது நினைவில்லை. கரைவது மில்லிகிராம் அளவுதான், உயிருக்கு உடனே தீங்கு வந்துவிடாது என்று மகள் பின்னாலிருந்து சொன்னதும் காதில் ஏறவில்லை. துத்தநாகம் மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் வரும் என்பது மட்டுமே மனத்தில் நின்றது. நான் சொன்னதை நம்பி ஒரு வீட்டில் அடுப்பேறியிருக்கிறது. அந்த வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள்.

வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அந்தச் சகோதரி உள்ளிருந்தபடியே பதில் சொன்னார்: "நறுக்கும்போதே பார்த்தேன் ஹஜ்ரத், ஆணி குத்திய இடமெல்லாம் நிறம் மாறிக் கிடந்தது. மனம் ஒப்பவில்லை, குப்பையில் போட்டுவிட்டேன். நீங்கள் சொல்லி அனுப்பியது என்று தம்பி சொன்னான், அதுதான் சங்கடமாக இருந்தது." அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அன்றிரவு அவர்கள் என்ன ஆணம் வைத்தார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. மறுநாள் காலை ஒரு கிலோ கிழங்கு வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு மகளிடம் உட்கார்ந்து பாடம் கேட்டேன். ஆற்றல் கிழங்கினுடையது அன்று; கரையும் துத்தநாகத்தினுடையது. துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கிழங்கின் சாற்றில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே, விளக்கைக் கடந்து, செம்புக்கு வருகின்றன. அங்கே சாற்றின் அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவற்றை வாங்கிக்கொண்டு வாயுவாகின்றன. இவ்வாறு ஒரு கிழங்குக்கு ஏறத்தாழ 0.9 வோல்ட். கிழங்கு, அயனிகள் நடமாடும் ஈரப் பாதை மட்டுமே. இரு உலோகங்களும் குத்தாத கிழங்கைத் தின்றால் ஷாக் எங்கிருந்து வரும்?

என்னைப்போல் தவறியவர் ஒரு பெரிய அறிஞர் என்பது சிறு ஆறுதல். இத்தாலியின் போலோஞா நகரில் 1780களில் லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் காலை இரு வேறு உலோகங்கள் தொட்டபோது அது துடிப்பதைக் கண்டு, மின்சாரம் தவளையின் உடலில் இருப்பதாகக் கருதினார். அலெஸாண்ட்ரோ வோல்டா அதை ஏற்கவில்லை. உலோகங்கள் இரண்டாக இருப்பதே காரணம் என்றார். 1800இல் வெள்ளித் தகடுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, தவளையே இல்லாமல் மின்சாரம் எடுத்துக் காட்டினார்.

மறுநாள் வகுப்பில், ஓதத் தொடங்குமுன், நேற்று நான் சொன்ன மூன்றும் தவறு என்றேன். கிழங்கில் மின்சாரம் இருப்பதாகச் சொன்னது தவறு. சமைக்கலாம் என்றது தவறு. வேகவைத்தால் போய்விடும் என்றதுதான் எல்லாவற்றிலும் பெரிய கூத்து: வேகவைத்த கிழங்கில் உள்தடை குறைவதால் பச்சைக் கிழங்கைவிடப் பத்து மடங்கு வரை திறன் கிடைப்பதாக 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமி மட்டும், "அப்படியென்றால் வேகவைத்துப் பார்ப்போமா ஹஜ்ரத்?" என்றாள்.

வேகவைத்தோம். இம்முறை துண்டு தேவைப்படவில்லை.

கண்காட்சிக்கு அவன் வேகவைத்த கிழங்குகளையே கொண்டுபோனான். தட்டின் ஓரத்தில் 'இதை உண்ணலாகாது' என்று ஒரு சீட்டு இருந்தது. எழுத்து என்னுடையது.