மரையில் இடும் பூச்சு

எஞ்சினின் பெரிய உறுப்புகளைக் கண்டு வியப்பவர் பலர். அவற்றைப் பிணைத்து நிற்கும் திருகாணிகளை நினைப்பவர் சிலரே. கைதேர்ந்த வினைஞரோ, ஆணியின் மரையில் எதைத் தடவுவது என்று தேர்ந்த பின்னரே அதனை முடுக்குகிறார்.

ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் ஓயாத அதிர்வால் தளரக்கூடும். அங்கே பூட்டும் பசை வேண்டும். அமெரிக்க வேதியியற் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-ஆம் ஆண்டில் உருவாக்கிய இவ்வகைப் பசையின் இயல்பு விந்தையானது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை நீர்மமாகவே இருக்கும். மரை இடுக்கில் காற்றின்றி உலோகத்தைத் தொட்டிருந்தால் கெட்டியாகிவிடும். பொதுவாக நீலப் பசை கைக்கருவிக்கு இணங்கும். சிவப்புப் பசையோ 250 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேற்றினாலன்றி எளிதில் விடாது. நிறம் பாராது தடவியவர், பிரிக்கும் நாளில் வருந்துவார்.

புகைபோக்குக் குழாயின் ஆணிகளுக்கு உற்ற இடர் இதற்கு நேர்மாறு. வெப்பத்தாலும் துருவாலும் அவை கழலாமற் பற்றிக்கொள்ளும். ஆதலின் செம்புத்தூளோ நிக்கல்தூளோ கலந்த மசகு இடுவர். குளிர்நீர் அறைக்குள் நுனி நீட்டும் ஆணிக்குக் கசிவடைக்கும் பூச்சு வேண்டும்.

நுட்பமான செய்தி ஒன்றுண்டு. நாம் முறுக்கும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆணியை இழுத்து இறுக்குகிறது. எஞ்சியது உராய்விற் கழிகிறது. மசகிட்டால் உராய்வு குறையும். அப்போதும் உலர்ந்த மரைக்கு உரிய அளவே முறுக்கினால் ஆணி மிகையாக நீளும், ஒடியவும் கூடும். ஒடிந்த ஓர் ஆணிக்காக எஞ்சின் முழுவதையும் மீண்டும் பிரிக்க நேரிடலாம். எனவே அவ்வினைஞர் பூச்சுக் குப்பியைத் திறக்குமுன் எஞ்சினின் கையேட்டைத் திறக்கிறார். அதில் எண்ணெய் என்றிருந்தால் எண்ணெயே இடுகிறார்.