உருக்காமல் விலை பேசாதீர்

இலங்கையில் தங்கச் சுரங்கம் கிடையாது. ஆற்று மணலில் அங்கங்கே தங்கத் துகள் கண்டதாகச் சொல்வார்கள். சேருவிலவில் 1971இல் செம்பும் காந்த இரும்புத் தாதுவும் கலந்த படிவொன்று கண்டுபிடிக்கப்பட்டது. புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று மணல் அள்ளுகிறார்கள். தங்கத்துக்கென்று தோண்டிய குழி ஒன்றும் தொழிலாக வளரவில்லை. என்றாலும் மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையான கரையோரத்தில் தங்க உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கடைத்தெருக்களில் பழைய நகையை வாங்குகிறோம், மூசையில் வெண்காரம் தூவி உருக்குகிறோம், கட்டியாக ஊற்றுகிறோம். அந்தக் கட்டி கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் போய்ச் சுத்தத் தங்கமாகிறது. உலகக் கணக்கும் இதற்கு விலக்கல்ல. சுரங்கங்கள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3,600 தொன் தங்கம் தருகின்றன. பழைய நகையும் கழிவுப் பொருளும் உருகிச் சந்தைக்குத் திரும்புவது 1,300 தொன்னுக்குக் கிட்ட வருகிறது. ஆகவே நாங்கள் செய்வதை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று நினைப்பது தப்பு. இது உலோகத் தொழில். உலோகத் தொழிலில் தாதுவைச் சோதித்துப் பார்க்காமல் எந்த ஆலையும் விலை பேசுவதில்லை. நாங்கள் மட்டும் நகையை முழுசாக வைத்துக்கொண்டே, கண்ணாலும் கல்லாலும் மதித்து விலை சொல்கிறோம். பழைய தங்கத்தை உருக்கி, மாற்றுப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் கைக்கு வரும் தாது எவ்வளவு வளமானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கர்நாடகத்துக் கோலார் தங்க வயலில் வட ஆற்காட்டுத் தமிழர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மூன்று கிலோமீற்றருக்கும் அதிக ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் அங்கே எடுத்தது சுமார் 800 தொன். தாது மெலிந்து, செலவுக்குக் கட்டாமல், 2001 பெப்ரவரி 28ஆம் திகதி அதை மூடினார்கள். இன்று உலகின் பல திறந்தவெளிச் சுரங்கங்கள் ஒரு தொன் பாறையில் ஒன்றிரண்டு கிராம் தங்கத்துக்காகச் சயனைட்டுக் கரைசலை ஓட்டுகின்றன. அரைப்பவுண் மோதிரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை நாலு கிராம். இருபத்திரண்டு கரட் என்றால் அதில் 3.67 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. அதைப் பாறையிலிருந்து எடுப்பதென்றால் இரண்டு தொன்னோ நாலு தொன்னோ அரைக்க வேண்டும். எங்கள் மேசையில் அது ஒரு காகிதச் சுருளுக்குள் வருகிறது. இவ்வளவு வளமான தாதுவில் ஒரு சதவீதப் பிசகும் சின்ன விஷயமல்ல. 2025 ஒக்டோபரில் தங்கம் அவுன்சுக்கு 4,000 டொலரைத் தாண்டியது. அந்த விலையில் பத்துப் பவுணில், அதாவது எண்பது கிராமில், இரண்டு சதவீதம் பிசகினால் இருநூறு டொலர் யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிவிடுகிறது.

உரைகல்லை நான் இளப்பமாகப் பேசவில்லை. நல்ல கையில் அது அருமையான கருவி. கறுத்த கல்லில் நகையை ஒரு கோடு இழுக்கிறோம், பக்கத்தில் மாற்று ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டு, மேலே திராவகத் துளி வைத்தால் குறைந்த தங்கத்தின் கோடு மங்கி, பச்சை நுரை கட்டி மறைகிறது. உயர்ந்த தங்கத்தின் கோடு நிற்கிறது. பத்து விநாடி வேலை. ஆனால் எவ்வளவு பழகிய கண்ணானாலும் இருபத்திரண்டு கரட்டின் அருகில் ஆயிரத்துக்குப் பத்து முதல் இருபது வரை பிசக இடமுண்டு. செம்பு கூடின தங்கம் சிவந்தும் வெள்ளி கூடின தங்கம் வெளிறியும் காட்டும். ஒரே மாற்றுள்ள இரண்டு நகைகள் கல்லில் வேறு வேறாகத் தெரியும். மாலை வெளிச்சத்தில் தெரிவது மதிய வெளிச்சத்தில் தெரியாது. இதைவிடப் பெரிய குறை, கல் தொடுவது தோலை மட்டும் என்பதுதான். நகை செய்யும்போது சூடுகாட்டிச் சூடுகாட்டிப் புளியிலோ மெல்லிய திராவகத்திலோ போட்டுத் துலக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பிலுள்ள செம்பு கருகிக் கரைந்து போகிறது, தங்கம் மிஞ்சுகிறது. அதனால் எந்த நகையின் தோலும் அதன் உடம்பைவிட ஒரு படி உயர்ந்த மாற்றுத்தான். முதல் கோட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது கோட்டை நம்பு என்று தொழிலில் சொல்வது இதனால்தான்.

உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது பழைய நகை உருக்கும் எல்லோருக்கும் தெரியும், வாங்கிப் போடுபவர்களுக்குத்தான் தெரிவதில்லை. சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் பொடி வைத்து ஊதிப் பற்றியது. பொடியின் உருகுநிலை தங்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால்தான் பற்றும். அதைத் தாழ்த்த வெள்ளி, செம்பு, நாகம் என்று கலந்தாக வேண்டும். மெல்லிய கம்பியில் கண்ணி நிறைந்த வேலைப்பாடு என்றால் பொடியின் பங்கும் ஏறும். இருபத்திரண்டு என்று விற்ற 24 கிராம் சங்கிலியில் 22 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். பொடி சேர்ந்து முழு நகையும் இருபத்தொன்றுக்கு இறங்கினால் 21 கிராம்தான். அந்த ஒரு கிராம், நகையை விற்ற அன்றே போய்விட்டது. இருபது வருடம் கழித்து அதை வாங்குகிறவர்தான் கெட்ட பெயர் கேட்கிறார். இதைச் சரிக்கட்ட வந்ததே கே.டி.எம். எனப்பட்ட கட்மியப் பொடி: தொண்ணூற்றிரண்டு பங்கு தங்கம், எட்டுப் பங்கு கட்மியம். மாற்றுக் குறையவில்லை. ஆனால் கட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். தங்கம் உருக 1,064 பாகை வேண்டும். ஊதுகுழலுக்கு மேல் குனிந்திருந்தவரின் நுரையீரலும் சிறுநீரகமும் அந்த ஆவியைச் சுமந்தன. இவை தவிர அரக்கு அடைத்த காப்பு, உள்ளே மெழுகு தங்கிய தோடு, கண்ணி இடுக்கில் இறுகிய சவர்க்காரமும் அழுக்கும் இருக்கின்றன. உருக்கும்போது குறையும் நிறையில் பெரும்பகுதி இதுதான். வாடிக்கையாளர் கண்முன்னே நடந்தால் சந்தேகமே வராது. பின்கட்டில் நடந்தால் எவ்வளவு யோக்கியனையும் நம்ப மாட்டார்கள். நம்பாததில் பிழையும் இல்லை.

சரியான விடை தருவது நெருப்பு. கால் கிராம் அளவுக்குத் தங்கத்தை வெட்டி நிறுத்து, அதிலுள்ள தங்கத்தைப் போல் இரண்டரை மடங்கு வெள்ளியையும் சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, எலும்புச் சாம்பலில் வார்த்த கிண்ணத்தில் ஏறக்குறைய 1,100 பாகை உலையில் வைக்கிறார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து ஒக்சைட்டாகி, செம்பையும் நாகத்தையும் கூட இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடுகிறது. கடைசித் துளி ஈயம் போகும் நேரத்தில் மிஞ்சும் உலோக மணியின் மேல் வானவில் நிறங்கள் படலமாக ஓடும். ஓடி முடிந்ததும் மணி சட்டென்று பளிச்சிடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும். அதைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டித் திராவகத்தில் இரண்டு தரம் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து போகும். வெள்ளியை வேண்டுமென்றே சேர்ப்பது இதற்குத்தான். தங்கத்தின் பங்கு கூடிப்போனால் அது வெள்ளியைப் பொத்திக்கொள்ளும், திராவகம் உள்ளே நுழையாது. வெளியே எடுக்கும் சுருள் பழுப்பு நிறத்தில், தொட்டால் நொறுங்குவது போல் இருக்கும். தங்கமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சூடு காட்டினால் மஞ்சள் திரும்பும். அதை நிறுத்தால் மாற்றுத் தெரிந்துவிடும், ஆயிரத்தில் அரைப் பங்கு கூடப் பிசகாமல்.

எக்ஸ்ரே இயந்திரம் வந்த பிறகு இந்தப் பழைய அடுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த இயந்திரம் அரை நிமிடத்தில் தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று எழுதிக் காட்டுகிறது, நகைக்குச் சேதமில்லை. ஆனால் அதுவும் தோலைத்தான் பார்க்கிறது, ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு ஆழத்துக்கு. மேலே சொன்ன துலக்கல் அதையும் ஏமாற்றும், தடித்த முலாம் இன்னும் நன்றாக ஏமாற்றும். தண்ணீரில் நிறுத்து அடர்த்தி பார்ப்பதும் முழுக் காவல் அல்ல: சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுக்கும் கிட்டத்தட்ட அதுவே. நகையை உருக்கிக் கலக்கி ஊற்றிய கட்டியின் வெட்டு முகத்தில் வைத்தால் அதே இயந்திரம் நம்பத்தக்க பதில் தரும். உருக்கும்போது பொடியும் தோலும் உடம்பும் ஒன்றாகிவிடுகின்றன. 3,422 பாகை வரை உருகாத டங்ஸ்டன் மூசையில் தனியே நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே நான் கேட்பது இயந்திரமா அடுப்பா என்பதல்ல. அன்றாட வேலைக்கு உருக்கிய கட்டியும் இயந்திரமும் போதும். தகராறு வந்தால் கிண்ணத்துக்குப் போகலாம்.

வங்கிகளே கல்லில் உரைத்துத்தானே அடைவு பிடிக்கின்றன என்பார்கள். அடைவு வேறு. அங்கே நகை திரும்பப் போக வேண்டும், உருக்க முடியாது. மதிப்பைவிடக் குறைத்துக் காசு கொடுப்பதால் மாற்றுப் பிசகு அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். 2013இல் தங்க விலை சரிந்தபோது அந்த இடைவெளியே போதாமல் போனது தனிக் கதை. விற்பனையில் அப்படி இடைவெளி வைத்தால் அது முழுக்க விற்பவர் தலையில்தான் விழும். இன்று நடப்பதும் ஏறக்குறைய அதுதான். எங்களுக்கு மாற்று நிச்சயமில்லாதபடியால் பாதுகாப்புக்குக் கொஞ்சம் குறைத்து விலை வைக்கிறோம். மெய்யான மாற்று செட்டியார் தெருவில் தெரியவரும்போது நகைக்குச் சொந்தக்காரி அங்கே இல்லை. நல்ல பொடியும் சுத்தமான தங்கமும் வைத்துச் செய்த நகையை விற்றவர், மட்டமான நகையை விற்றவரின் நட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

மூன்று தலைமுறையாக ஒரே கடையில் கொடுத்து வாங்கும் குடும்பங்களுக்கு இதெல்லாம் எதற்கு, நம்பிக்கைதானே பெரிது என்பது எங்கள் ஊர்களில் வரும் பலமான ஆட்சேபனை. நம்பிக்கையுள்ளவர்களுக்கே சொல்லப்பட்ட வழிகாட்டல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் நூலில் வரும் செய்தி இது: கைபர் போர்க் காலத்தில் பழாலா இப்னு உபைத் (ரழி) தங்கமும் மணிகளும் கோத்த மாலையொன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார். பிரித்துப் பார்த்தால் தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருந்தது. பிரித்தெடுக்கும்வரை விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கண்மதிப்பை நம்பியதுதான் குறை. அது தங்கத்துக்குத் தங்கம் மாற்றும் சட்டம், ரூபாவுக்கு விற்பதற்கு நேரே பொருந்தாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கும்போது நடப்பது தங்கத்துக்குத் தங்கம்தானே? பழையதைக் காசாக்கிக் கையில் வாங்கி, பிறகு புதியதை விலைக்கு வாங்குங்கள் என்று உலமாக்கள் சொல்வதும் இதற்காகத்தான். ஸகாத்துக் கணக்கிலும் இதே தேவை இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அணியும் நகைக்கு ஸகாத் இல்லை, சேமிப்பாக வைத்ததற்கு உண்டு. ஸகாத் கடமையாகும் குறைந்த அளவான நிஸாப் 85 கிராம் என்பது சுத்தத் தங்கத்துக்குச் சொன்னது. இருபத்திரண்டு கரட்டில் அது 92.7 கிராம். மாற்றுத் தெரியாமல் அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

உருக்கிய பிறகு விலை பிடிக்காவிட்டால் நகையும் போய்விட்டதே என்ற பயத்துக்கு இடமுண்டு. வேலைப்பாடுள்ள, வாப்பும்மா காலத்து நகையைக் கழிவுத் தங்கமாக விற்கவே கூடாது. அதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது எங்கள் கடமை. அறுந்த சங்கிலிக்கும் ஒற்றைத் தோட்டுக்கும் அந்தக் கவலை இல்லை. உருக்கிய கட்டி அவருடையது. மாற்றும் நிறையும் எழுதிய துண்டோடு அதை அடுத்த கடைக்குக் கொண்டுபோனால் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கடைகளுக்கு இது கசக்கும் என்று தெரியும். கசந்தாலும் நல்லது.

செலவும் திராவகமும் உண்மையான தடை. இந்தக் கரை மணல் நிலம். கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கிறது. ஊற்றும் திராவகம் மணலை ஊடுருவிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும். வீடும் கடையும் ஒட்டி நிற்கும் தெருக்களில் பழுப்புப் புகையும் ஈய ஆவியும் பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். கடைக்கொரு திராவகச் சட்டி என்ற நிலைமையை யாரும் ஆதரிக்க முடியாது. அதனால் வேண்டியது ஊருக்கு ஒரு பொதுப் பட்டறை: புகைபோக்கியும், திராவகத்தைச் சுண்ணாம்பால் முறிக்கும் தொட்டியும், ஓர் உலையும், ஓர் எக்ஸ்ரே இயந்திரமும். நகைக்கடைகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் எந்தக் கடைக்கும் அது பெரிய சுமையாகாது. சோதனைத் தங்கம் வீணாவதில்லை, சுருளாகத் திரும்புகிறது. கரைந்த வெள்ளியையும் உப்பிட்டுப் படியவைத்து மீட்கலாம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை கொழும்பில் மாற்றுப் பரிசோதனை செய்து கொடுக்கிறது. ஆனால் மூன்று கிராம் தோட்டை விற்க வரும் பெண் அதற்காக நாட்டின் மறு கரைக்குப் பயணம் போக மாட்டார். இந்தியாவில் 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹோல்மார்க் கட்டாயமானது. விற்கும்போதே மாற்றுப் பொறித்துவிட்டால் பிற்காலத் தகராறு குறையும். எங்கள் நகைக்கு அது வரும்வரை, வாங்கும் பக்கத்திலாவது அளவு சரியாக இருக்கட்டும்.

கல்முனை, அக்கரைப்பற்று நகை வியாபாரிகளிடம் கேட்பது இதுதான்: சேர்ந்து ஒரு பொதுப் பட்டறை போடுங்கள். அதுவரைக்கும் உருக்குவதை மேசைக்கு முன்னால், விற்பவர் பார்க்கச் செய்யுங்கள். பழைய நகை விற்கப் போகிறவர்களே, உருக்குமுன் நிறை, உருக்கியபின் நிறை, மாற்று, அன்றைய விலை ஆகிய நான்கையும் ஒரு துண்டில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தராத கடையில் நகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.