எப்போதும்வென்றானில் இங்கிலீஷ் நோட்டு

சீவாளியை உதட்டோரம் ஒதுக்கி ஊறப்போட்டபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் பெரியவர். அறுபது வயது இருக்கலாம். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் பிதுங்கும் ஃபோன். துணி உறைக்குள் நாயனம் மடியில் குறுக்கே கிடக்கிறது. யாரோ நீட்டிய டீயை, இப்போது வேண்டாம் என்று கண்ணாலேயே மறுக்கிறார். சீவாளி பதமாகிற நேரத்தில் வாயில் வேறெதற்கும் இடமில்லை.

எப்போதும்வென்றான் என்று இப்படியொரு பெயரைச் சுமக்கிற ஊர், பங்குனி வெயிலில் அந்தப் பெயரைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கிடக்கிறது. பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் மார்கள் கறுத்து நிற்கின்றன. கரிசல், கால் நுழைகிற அளவுக்கு வெடித்திருக்கிறது. களத்தில் மிளகாய் வத்தல் காய்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கடையில் யாராவது ஒருவர் தும்முகிறார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஊரைத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகின்றன.

இன்று அம்மன் பொங்கல். மேளம் வந்து இறங்கி அரை மணியாகிறது. அழைத்துப்போக வேண்டிய ஆள் வரவில்லை. நையாண்டி மேளம்: இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, தாளத்துக்கு ஒரு பையன். பம்பைக்காரர் பம்பையிலேயே தலை வைத்துத் தூங்குகிறார். தவில்காரர்களில் மூத்தவர் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருக்கிறார். துணியும் பசையும் சுற்றி இறுகிய கூடுகள், ஒவ்வொன்றும் அந்தந்த விரலுக்கென்றே செய்தவை. இரண்டாம் நாயனக்காரனுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. ஒரு காதில் இயர்ஃபோன். கேட்கிற பாட்டுக்கு ஏற்றபடி தொடையின் மேல் விரல்கள் துளை மூடித் திறக்கின்றன. புதுப் படப் பாட்டாக இருக்கும். இன்று ராத்திரி யாராவது கேட்டால் வாசித்தாக வேண்டுமே.

என் காதிலும் ஒரு இயர்ஃபோன் இருக்கிறது. அதில் ஓடுவது ஆலன் ஹோவானஸ். 1911இல் மாசசூசெட்ஸில், ஆர்மீனியத் தந்தைக்கும் ஸ்காட்லாந்து வழித் தாய்க்கும் பிறந்தவர். 2000இல் இறப்பதற்குள் அறுபதுக்கு மேல் சிம்பொனிகள் எழுதியவர். இளவயதில் எழுதியதில் பெரும்பகுதியைத் தானே நெருப்பில் போட்டவரும்கூட. ராகமாக எதுவும் காதில் தங்கிவிடக் கூடாது என்று அமெரிக்கக் கச்சேரி மேடைகளின் புதுமைக்காரர்கள் கவனமாக இருந்த காலத்தில், இந்த மனிதர் நீள நீளமாகப் பாடிக்கொண்டிருந்தார். நான் கேட்பது 1946இல் எழுதிய ‘புனித கிரிகோரியின் பிரார்த்தனை’. கீழே தந்திகள் கோயில் கூட்டுப்பாடல் மாதிரி மெல்ல நகர, மேலே ஒற்றை டிரம்பெட் அவசரமில்லாமல் ஆலாபனை செய்கிறது. அந்த டிரம்பெட் இருக்கும் இடத்தில் நாயனத்தை வைத்துப் பார்க்காமல் இருக்க இந்த பெஞ்சில் முடியவில்லை. பெரியவரிடம் ஒரு காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம். சொல்லவில்லை. வேலைக்கு வந்திருக்கிறவரிடம் போய் ரசனை பேசுவது எனக்குக் கூச்சம்.

ஹோவானஸ் 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்தார். ராகங்களைக் குறிப்பேடுகளில் நூற்றுக்கணக்கில் எழுதிச் சேர்த்தார். வீணை பழகத் தொடங்கினார். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த பாதிப்பில், நம் வாத்தியங்களுக்கென்றே ‘நாகூரான்’ என்று ஒரு படைப்பை எழுதினார். சென்னை வானொலி நிலையத்து வாத்தியக் குழு அதை வாசித்து, 1960 பிப்ரவரியில் ஒலிபரப்பானது. கர்நாடக இசை பற்றி ஒரு புத்தகம் எழுதவும் குறிப்புகள் சேர்த்தார். அது முடியவே இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ராகத்தைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம்தான் சந்தேகம் வரும்.

ஆள் வந்துவிட்டார். “அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க, மைக்குக்காரன் இழுத்தடிச்சிட்டான்” என்கிறார். பெரியவர் தலையை மட்டும் அசைக்கிறார். எல்லோரும் எழுந்து கோயில் பக்கம் நடக்கிறோம். நான் எந்த உறவுமில்லாமல் பத்தடி பின்னால்.

வேப்பமரத்தடியில் சுருதி கூட்டுகிறார்கள். ஒத்து ஊத ஆள் வைத்துக் கட்டுபடியாகாது; பெட்டி ஊதுகிறது. பெரியவர் தனியாக ஒரு பிடி வாசித்துப் பார்க்கிறார். இளையவன் அவரைக் கவனிக்காமல் தன் படப் பாட்டை முனகலாக ஊதுகிறான். ஒரு தவிலுக்கு வார் இழுபடுகிறது, மற்றது தட்டிப் பார்க்கப்படுகிறது, பம்பை தூக்கம் கலைந்து உறுமுகிறது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் ஆறு பேரும் அவரவர் போக்கில்.

கச்சேரிக்கு முந்தைய இந்தக் கலவை ஒலியை யாரும் இசையில் சேர்ப்பதில்லை. ஹோவானஸ் சேர்த்தார். 1944இல் எழுதிய ‘லூசாட்ஸாக்’கில், வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் தம் தம் சொற்கட்டைப் பக்கத்து ஆளோடு தாளம் சேர்க்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி எழுதியிருக்கிறார். கேட்க ஒரு பெரிய முணுமுணுப்பு மாதிரி இருக்கும். நியூயார்க்கில் அதைக் கேட்டு இசையமைப்பாளர்கள் ஜான் கேஜும் லூ ஹாரிசனும் கொண்டாடினார்கள். வேப்பமரத்தடியில் கொண்டாட யாருமில்லை. “சீக்கிரம் ஆகட்டும்ப்பா, முளைப்பாரி கெளம்பிட்டு” என்று ஒரு குரல் விரட்டுகிறது.

இந்தப் பக்கத்துக்கு வெள்ளைக்கார மெட்டு புதிதல்ல. இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணிக்குள் எட்டயபுரம். அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தார் பாலுசாமி தீட்சிதர். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறவர். அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையின் பேண்டு வாத்திய மெட்டுகளை அப்படியே எடுத்து, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் வைத்தார். நோட்டு ஸ்வரங்கள் என்று முப்பதுக்கு மேல் உண்டு. அரசரை வாழ்த்தும் இங்கிலீஷ் கீதத்தின் மெட்டில் சியாமளாதேவி வந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு என்று வித்துவான்கள் இவற்றை ஒதுக்குவதுண்டு. பெரிய கிருதிகளை மலையாகக் கட்டியவர், தெருவில் போன பேண்டுக்கும் காது கொடுத்தார் என்பது எனக்கு அந்த மலையைவிட ஆச்சரியம்.

தம்பியைப் பார்க்க எட்டயபுரம் வரும் வழியில், காய்ந்து கிடந்த கரிசலைக் கண்டு அமிர்தவர்ஷிணியில் பாடி மழை பெய்வித்தார் என்பார்கள். நம்புகிறாயா என்று இந்தக் காட்டில் நின்றுகொண்டு யாரையும் கேட்கக் கூடாது. 1835 தீபாவளியன்று அவர் எட்டயபுரத்திலேயே காலமானார். அட்டக்குளத்தங்கரையில் சமாதி இருக்கிறது. பாலுசாமியின் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர், குடும்பத்துச் சொத்தாக வாய்வழி வந்த அத்தனையையும் கமகக் குறிகளோடு எழுதி, 1904இல் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யாக எட்டயபுரத்திலேயே அச்சிட்டார். மழை பொய்க்கும் ஜமீனில், தெலுங்கு எழுத்தில், அவ்வளவு பெரிய புத்தகம்.

ஊர்வலம் கிளம்பிவிட்டது. முளைப்பாரிப் பெண்கள் முன்னே, மேளம் நடுவே, பின்னால் சீரியல் விளக்குக் கட்டிய ஜெனரேட்டர் வண்டி. முதலில் மல்லாரி மாதிரி ஒன்று. அதை யாரும் கேட்கவில்லை. பிறகு இரண்டு அம்மன் பாட்டு. பிறகு இளையவன் முனகிக்கொண்டிருந்த பாட்டு வந்ததும் விசில் பறக்கிறது. நாலு பையன்கள் தவிலுக்கு முன்னால் வந்து ஆடுகிறார்கள். பெரியவர் அவனுக்கு வழிவிட்டுப் பின்பாட்டாக நின்றுகொள்கிறார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை, வியர்வைதான்.

முக்கில் திரும்பும்போது, திண்ணையிலிருந்த ஒரு கிழவர் கையைத் தூக்குகிறார். “நோட்டு ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. காருகுறிச்சியார் கோவில்பட்டியில இருக்கும்போது கேட்டது.”

அந்தப் பெரிய நாயன வித்துவானின் பெயரைக் கேட்டதும் பெரியவர் நிமிர்கிறார். சிரிப்பதுபோல் இருக்கிறது, சீவாளி வாயிலிருக்கும்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஆக்கி, மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பிய இங்கிலீஷ் நோட்டைத் தொடங்குகிறார். சங்கராபரணத்தின் வெறும் ஸ்வரங்கள், படிக்கட்டில் பிள்ளைகள் தாவுவதுபோலப் போக வேண்டிய மெட்டு. முதல் சுற்று அப்படித்தான் போகிறது, நேராக, இஸ்திரி போட்டமாதிரி. இரண்டாம் சுற்றில் மத்தியமத்தைக் கொஞ்சம் அசைக்கிறார். மூன்றாம் சுற்றில் காந்தாரம் குழைகிறது. கமகமே இல்லாமல் பிறந்த மெட்டு, நாயனத்தின் மூச்சில் பட்டதும் நம் வீட்டுப் பிள்ளையாகிறது. ஹோவானஸ் எதிர்த்திசையில் போனவர்: கமகத்தோடு பிறந்த ராகங்களைத் தன் டிரம்பெட்டுக்கும் வயலின்களுக்கும் கொண்டுபோனார். போன இடத்தில் அவை கொஞ்சம் விறைத்துத்தான் நின்றன. இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், இந்த முக்கில் நிற்கிற ஆளாக, பெரியவர் பக்கம்தான் பேசுவேன்.

இளையவன் திணறுகிறான். அவன் ஃபோனில் இது இல்லை. பெரியவர் வாசித்துக்கொண்டே முழங்கையால் அவனை இடிக்கிறார். அவன் இறங்கி ஆதார ஷட்ஜத்தைப் பிடித்துக்கொள்கிறான். சுற்று முடிந்த இடைவெளியில், “மெட்டு ரெண்டு வரிதான் மாப்ளே, தவிலப் பாத்து வா” என்கிறார். “சரி மாமா” என்கிறான். அடுத்த சுற்றில் பாதி பிடிபடுகிறது. தவில்கள் நோட்டின் நேர் நடையைத் திஸ்ரத்தில் உடைத்து விளையாடத் தொடங்க, சற்றுமுன் படப் பாட்டுக்கு ஆடிய அதே நாலு பையன்கள் இதற்கும் ஆடுகிறார்கள். கோட்டை பேண்டு, பாகவதர், தீட்சிதர் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை; அடி சரியாக விழுகிறது, அது போதும்.

கிழவர் திண்ணையை விட்டு இறங்கி வந்து பெரியவரின் சட்டையில் ஊக்கால் ஒரு நூறு ரூபாயைக் குத்துகிறார். மைக்குக்காரருக்குத் தகவல் போகிறது. “மேளக் கலைஞருக்கு ஊர்ப் பெரியவர் அன்பளிப்பு ரூபாய் நூறு” என்று ஒலிபெருக்கி இருமுறை அறிவிக்கிறது. உடனே எதிர்த் தெருக்காரர் ஒருவர், தன் வீட்டு வாசலிலும் அதையே வாசிக்க வேண்டும், தருவது நூற்றைம்பது என்கிறார்.